கூனிப் போத்தலின் மூடியில் ஒரு திகதி

"மொத்த ஆர்செனிக்கின் அளவு மட்டும் தெரிந்த நிலையில், அது எந்தெந்தச் சேர்மங்களாக இருக்கிறது என்று கண்டறியாமல், உடல்நலம் பற்றிய எந்த முடிவும் எழுதப்படக்கூடாது." நான் வேலை செய்த உணவு ஆய்வுக்கூடத்தின் செய்முறைக் கைநூலில், நான்காம் பிரிவில், தடித்த எழுத்தில் இருக்கிற வாசகம் இது. எனக்கு மனப்பாடம். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, எழுதியவன் நான்தான். மூன்று கூட்டங்களில் பல பேர் திருத்தி, கடைசியில் நான் முதலில் எழுதியபடியே வந்து நின்றது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கைநூல் முழுவதும் எனக்குத் தலைகீழாகத் தெரியும். என் மனைவி இதை ஒரு வியாதி என்று சொல்கிறாள்.

டென்மார்க்கின் தலைநகரை ஒட்டிய புரொண்பியில் எங்கள் வீட்டுச் சமையலறை யன்னலோரம் ஒரு பழைய ஜாம் போத்தல் இருக்கிறது. ஸ்ட்ரோபெரிப் படம் பாதி உரிந்துவிட்டது. மூடியில் கறுப்பு மார்க்கர் பேனையால் ஒரு நாளும் மாதமும் எழுதியிருக்கிறது. வருடம் இல்லை, மூடியில் இடம் போதவில்லை. வருகிறவர்கள் அதைக் காலாவதித் திகதி என்று நினைக்கிறார்கள். அண்மையில் வந்த ஓர் உறவுக்காரப் பெண் கையில் எடுத்துப் பார்த்து, "மாமா, இது முடிஞ்சு போச்சுது, எறியட்டோ?" என்றாள். வேண்டாம் என்றேன். போத்தலுக்குள் ஒன்றுமில்லை. எத்தனை தரம் கழுவினாலும் போகாத ஒரு மணம் மட்டும் உண்டு. அது கூனியின் மணம். அரிசிமணியை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கிற குட்டி இறாலை வெயிலில் காயவைத்தால் அது கூனி. செத்தல் மிளகாயோடு வறுத்து இடித்தால் சம்பல். அந்தப் போத்தலும் அதன் மூடியில் இருக்கிற கையெழுத்தும் அத்தானுடையவை.

அத்தான் என் அக்காவின் கணவர். நாங்கள் எல்லோரும் ஒரே காலத்தில்தான் டென்மார்க்குக்கு வந்தோம். அகதிகளை நாடு முழுவதும் தூவி விதைத்த காலம் அது. என்னைத் தலைநகரின் பக்கத்திலும், அக்காவையும் அத்தானையும் மேற்கே யூலாந்தில் இருக்கிற ஸ்கீவயிலும் விதைத்தார்கள். நான் படித்து, பரீட்சைகள் எழுதி, வெள்ளை மேலங்கி போட்டேன். அத்தான் மரக்கிடங்கில் வேலைக்குப் போனார். பழைய தொலைபேசிக் கம்பங்கள், வேலிக் கட்டைகள், சிறுவர் விளையாட்டுத் திடல்களில் இருந்து பிடுங்கிய தூண்கள் எல்லாம் அங்கே வந்து குவியும். உக்காமல் இருப்பதற்காக அந்த மரங்களுக்கு ஒரு காலத்தில் ஆர்செனிக் மருந்து ஏற்றியிருந்தார்கள். அவற்றைத் தனியாகப் பிரித்து அனுப்புவது கிடங்கின் வேலை. தூள் பறக்கிற வேலை என்பதால் முகமூடியும் கையுறையும் கட்டாயம்.

அத்தானைப் போல விதிகளை நேசித்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை, என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நான் விதிகளை எழுதினேன், அவர் அவற்றை நம்பினார். அக்கா மிளகாய் வறுக்கத் தொடங்கினால், வீட்டுக்கென்று அவர் தனியாக வாங்கி வைத்திருந்த முகமூடிப் பெட்டி வெளியே வரும். வீட்டில் இருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒவ்வொன்று. ஒருமுறை நானும் ஒன்றை மாட்டிக்கொண்டு, அவருடைய வரவேற்பறையில் உட்கார்ந்து, முகமூடிக்குள்ளால் அரசியல் கதைத்திருக்கிறேன். கிடங்கில் வேலையாட்கள் அவரைத் தங்கள் பாதுகாப்புப் பிரதிநிதியாகத் தெரிந்தெடுத்தார்கள். காலையில் அவர் முன்னால் எல்லோரும் கையை நீட்ட வேண்டும். பள்ளிக்கூடத்தில் நகம் பார்க்கிற வாத்தியார் மாதிரி ஒவ்வொரு கையுறையாகத் திருப்பிப் பார்ப்பார். "வேலைக்குப் போகேக்கை பத்து விரல். வரேக்கையும் பத்து விரல் இருக்கோணும்" என்பது அவருடைய வேதவாக்கு. அதை யூலாந்துப் பேச்சு வழக்கில், யாழ்ப்பாண உச்சரிப்போடு, டேனிஷிலும் சொல்லுவார். அவருடைய வயதில் பாதியாக இருந்த பொன்னிறத் தலைமுடிக்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டு கையை நீட்டுவார்கள்.

கிடங்குக்கு வருகிற மருந்து மரத்தின் அளவு கூடியபோது, வேலையாட்களின் சிறுநீரைச் சோதிக்க வேண்டும் என்று விடாமல் கேட்டு வாங்கியவரும் அத்தான்தான். தொழில்சார் மருத்துவ நிலையம் ஒன்றிலிருந்து படிவம் வந்தது. சோதனைக்கு முன் மூன்று நாட்களுக்கு மீனும் இறால், நண்டு வகையறாவும் சாப்பிடக்கூடாது என்று அதில் எழுதியிருந்தது. நான் அந்த வார இறுதியில் ஸ்கீவயில் நின்றேன். அத்தான் படிவத்தை என் முன்னால் வைத்தார்.

"தம்பி, உன்ரை படிப்புக்கு இப்பதான் ஒரு வேலை வந்திருக்கு. இதுக்கு ஏன் மீன் சாப்பிடக்கூடாது எண்டு சொல்லு பாப்பம்."

எனக்கு அதைவிட வேறென்ன வேண்டும். ஆர்செனிக் என்று எல்லோரும் ஒற்றைப் பெயராகச் சொல்கிறார்கள், அது ஒரு குடும்பம், அதில் நல்லவர்களும் உண்டு, பொல்லாதவர்களும் உண்டு என்று தொடங்கினேன். மரத்தில் இருப்பது பொல்லாத கனிம வடிவம். அரிசியிலும் கொஞ்சம் அதுதான் இருக்கிறது. மீனிலும் இறாலிலும் இருக்கிற ஆர்செனிக் பல மடங்கு அதிகம், ஆனால் அநேகமாக அது ஆர்செனோபெட்டைன் என்ற சேர்மமாக இருக்கும். உடம்புக்குள் போய் ஒருவரையும் தொந்தரவு செய்யாமல் சில நாட்களில் வெளியேறிவிடும். சேர்மங்களைப் பிரித்துப் பார்க்கிற கருவி எல்லா இடத்திலும் இல்லை. இல்லாத இடத்தில் மொத்தத்தை மட்டும் அளப்பார்கள். கலியாண மண்டபத்துக்குள் ஒரு கள்ளன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டு, வந்திருக்கிற சனத்தை எண்ணி, "முந்நூறு கள்ளர்" என்று அறிக்கை எழுதுகிற மாதிரி. அதனால்தான் மீன் வேண்டாம் என்கிறார்கள்.

"விளங்கீட்டுது," என்றார் அத்தான். "மச்சம் ஒண்டும் இல்லை. விரதம்."

அவர் சொன்னால் சொன்னதுதான். குளிர்ப்பெட்டியில் இருந்த நண்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமை நண்பர் வீட்டில் நண்டும் இறாலும் போட்டுக் கூழ் காய்ச்சினார்கள், போய் வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தார். அக்கா என்னிடம், "கந்தசட்டிக்குக் கூட மனுசன் இப்பிடி இருந்ததில்லை. முருகன் பாவம், படிவம் குடுக்கத் தெரியேல்லை" என்றாள். ஞாயிறு காலை பிட்டும் சம்பலும். நான் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். அத்தானும் சாப்பிட்டார். சம்பல் நன்றாக இருக்கிறது என்று நான் சொன்னதும், அக்கா கூனி இடித்து வைத்திருந்த ஜாம் போத்தலை அப்படியே என் பயணப் பைக்குள் வைத்துவிட்டாள். வீடு திரும்புகிற ரயிலில், கடலுக்கு மேலால் போகிற பெரிய பாலத்தைக் கடக்கும்போது, இந்த நாட்டில் விதிமுறையை ஒழுங்காகப் பின்பற்றிய ஒரேயொரு மனிதர் என் அத்தான் என்று திருப்தியோடு நினைத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் முடிவுகள் வந்தன. கிடங்கில் மற்ற எல்லோருக்கும் அளவு சாதாரணம். அத்தானுக்கு மட்டும் எல்லையைத் தாண்டி வெகு உயரத்தில் நின்றது. "பாதுகாப்பு உபகரணங்கள் முறைப்படி அணியப்படவில்லை என்று கருத இடமுண்டு" என்று ஒரு வரியும் அதோடு வந்தது. படிவத்தில் மீன் சாப்பிடவில்லை என்று அவர் கையெழுத்து வைத்திருந்தபடியால், மிச்சம் இருந்த காரணம் அது ஒன்றுதான். மேற்பார்வையாளர் நல்ல மனிதர். கவலையோடுதான் அத்தானை மரக்குவியலில் இருந்து எடுத்து, லொறிகளை நிறுக்கிற எடை மேடையின் கண்ணாடிக் கூட்டுக்குள் உட்கார வைத்தார். பிரதிநிதி வேலையையும் விசாரணை முடியும்வரை வேறொருவர் பார்க்கட்டும் என்றார். அடுத்த நாள் காலை, கையுறை வரிசையில் வழக்கமாக முணுமுணுக்கிற இளைஞன் ஒருவன் கண்ணாடிக் கூட்டுக்கு வந்து, அத்தானிடம் டேனிஷில், "இண்டைக்கு நீங்கள் கையைக் காட்டுங்கோ" என்றானாம்.

அதை அத்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னபோது சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு குரல் மாறியது. "தம்பி, என்ரை உடம்பிலை நஞ்சு இருக்கெண்டால் இருக்கட்டும். வயசு போட்டுது. நான் கிளவுஸ் போடாமல் மற்றவனுக்குப் போடச் சொன்னவன் எண்டு அவங்கள் நினைக்கப்படாது."

நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது கைநூலில், நான்காம் பிரிவில், தடித்த எழுத்தில் இருந்தது. சேர்மங்களைக் கண்டறியாமல் முடிவு எழுதக்கூடாது. நான் முடிவு எழுதினேன். காகிதத்தில் அல்ல, மனதில். அத்தான் மீன் சாப்பிடவில்லை என்பதை என் கண்ணாலேயே பார்த்திருக்கிறேன். அப்படியானால் மரம்தான். வயது போன மனிதர், மூச்சுப் பட்டு மூக்குக் கண்ணாடி புகார் பிடிக்கிறது என்று முகமூடியைக் கொஞ்ச நேரம் இறக்கியிருப்பார். அக்காவைக் கூப்பிட்டு, அவருடைய வேலைப் பையில் கையுறைகள் தேய்ந்திருக்கின்றனவா, புதிதாகவே இருக்கின்றனவா என்று பார்க்கச் சொன்னேன். அக்காவுக்கு ஒன்றையும் ஒளிக்கத் தெரியாது. அன்று பின்னேரமே அத்தான் என்னை அழைத்தார்.

"கிளவுஸ் தேஞ்சிருக்கு. உன்ரை அக்கா பாத்திட்டா," என்றார். "நீயுமோ, தம்பி?" அவ்வளவுதான். வைத்துவிட்டார்.

அடுத்த ஞாயிறு காலை என் மனைவி சம்பல் இடிக்க ஆயத்தம் செய்தாள். அலுமாரியில் மிளகாய்த்தூள் போத்தல், மஞ்சள் போத்தல், பெருஞ்சீரகம், அதற்குப் பக்கத்தில் அக்கா தந்த ஜாம் போத்தல். அவள் மூடியைத் திறந்தாள். மணம் மேசைக்கு வந்தது. நான் நாளிதழை மடித்து வைத்தேன்.

வருடக்கணக்காக இறாலை அரைத்து, அமிலத்தில் சூடாக்கி, அதில் என்ன இருக்கிறது என்று எழுதிச் சம்பளம் வாங்கியவன் நான். அந்த மூன்று நாளும் அத்தானின் மேசையில் சம்பல் இருந்தது. கத்தரிக்காய்க் கறியிலும் அந்தத் தூள் இருந்தது. எங்களில் ஒருவருக்கும் அது மச்சம் என்று படவில்லை. எங்கள் வீடுகளில் கூனி இருப்பது குளிர்ப்பெட்டியில் அல்ல, மிளகாய்த்தூளுக்குப் பக்கத்தில். அந்த அலுமாரித் தட்டில் இருப்பதெல்லாம் சரக்கு, கறிக்குப் போடுகிற தூள் வகை. சரக்கை ஒருவரும் சாப்பாடு என்று எண்ணுவதில்லை. இறாலைக் காயவைத்தால் தண்ணீர் போய்விடும், ஆர்செனிக் போகாது என்பதை நான் மற்றவர்களுக்கு வகுப்பெடுத்திருக்கிறேன். அதற்குப் பிறகு இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறேன்.

அத்தானுக்கு அழைத்தேன். "அத்தான், அந்த மூண்டு நாளும் சம்பல் சாப்பிட்டனீங்கள்தானே?"

"ஓம். நீயும் எல்லோ சாப்பிட்டனீ. அது மரக்கறிதானே."

"அதுக்குள்ளை கூனி, அத்தான்."

"அப்ப என்னைப் பிடிச்சுக் குடுத்தது உன்ரை அக்கா" என்றார். பின்னால் அக்கா ஏதோ திட்டுவது கேட்டது. அவர் சிரித்தது எனக்குப் பாதி மன்னிப்பு. மீதியை நான் உழைத்து வாங்க வேண்டியிருந்தது.

உழைப்பு என்பது இங்கே விதிமுறை. உறவினர் சம்பந்தப்பட்ட மாதிரியை நான் தொடக்கூடாது. திறந்த பொதியில் வந்த மாதிரிக்கு மதிப்பில்லை. எடுத்த இடம், எடுத்தவர், சாட்சி எல்லாம் எழுதியிருக்க வேண்டும். இந்த மூன்றில் இரண்டு விதிகளை எழுதியவன் நானே. திங்கட்கிழமை காலை போத்தலோடு எங்கள் பிரிவுத் தலைவியின் அறைக்குப் போய், நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் என்னைவிட இளையவள், பகிடிக்காரி, டேனிஷ்காரி. போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"லேபிளில் ஸ்ட்ரோபெரி என்று இருக்கிறது," என்றாள்.

"ஓம்."

"உன் அக்கா மூடியது. உன் மனைவி திறந்தது. இதை வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் நீ என்ன செய்திருப்பாய்?"

"திருப்பி அனுப்பியிருப்பேன். விதியின் இலக்கத்தோடு."

அவள் சிரித்துவிட்டு, கைநூலில் ஒருவரும் பாவிக்காத ஒரு வழியைத் திறந்தாள். புதிய வகை உணவு ஒன்றில் எங்கள் முறை சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, எந்த மாதிரியையும் சோதனைப் பொருளாக ஏற்கலாம். என் பெயர் எங்கும் வரக்கூடாது, நான் அந்த அறைக்குள் போகக்கூடாது. ஒப்பிட்டுப் பார்க்க அக்கா வீட்டு அரிசியையும் அனுப்பச் சொன்னாள். மூடியில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒட்டி, மாதிரி வந்து சேர்ந்த திகதியை எழுதினாள். நான் ஒரு கிழமை வேறு மாடியில் இருந்து பழைய அறிக்கைகளைத் திருத்தினேன்.

கருவி சேர்மங்களை ஒவ்வொன்றாக வெளியே விடும். ஒவ்வொன்றும் தாளில் ஒரு மலையாக எழும்பும். மலை நிற்கிற இடம் அது யார் என்று சொல்லும், உயரம் எவ்வளவு என்று சொல்லும். கூனியின் தாளில் தொடக்கத்திலேயே, ஆர்செனோபெட்டைனின் இடத்தில், ஒரு பெரிய மலை. பொல்லாத கனிம வடிவம் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு மேடுகூட இல்லை என்று சொல்லலாம். அரிசியின் தாளில் நேர்மாறு. மலை சின்னது, ஆனால் நிற்கிற இடம் பொல்லாத இடம். மூன்று நாள் விரதம் இருந்த மனிதர் அந்த மூன்று நாளும் இரண்டு நேரம் சோறு சாப்பிட்டார். படிவத்தில் சோற்றைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. எப்போதாவது ஒருநாள் சோறு சாப்பிடுகிறவர்கள் எழுதிய படிவம் அது. நான் அக்காவிடம், மின்சாரச் சட்டியை விட்டுவிட்டு, நிறையத் தண்ணீரில் அவித்துக் கஞ்சி வடித்தால் பொல்லாததில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும் என்றேன். "அம்மா இதைத்தானே சொன்னவ. அவ பள்ளிக்கூடமே போகேல்லை. உனக்கு இவ்வளவு வருசம் எடுத்திருக்கு" என்றாள்.

பிரிவுத் தலைவி முடிவுகளை மருத்துவ நிலையத்துக்கு அனுப்பினாள். உறைநிலையில் இருக்கிற சிறுநீர் மாதிரியைச் சேர்மம் பிரித்து மறுபடி பார்க்க வேண்டும், முந்திய முடிவைத் திருத்த வேண்டும் என்று கேட்டாள். பெற்றுக்கொண்டோம் என்று உடனே பதில் வந்தது. பிறகு பனி வந்தது. பனி கரைந்தது. கோடை விடுமுறை வந்தது. கோப்பு ஒரு மேசையில் இருந்து இன்னொரு மேசைக்குப் போனதாக ஒரு கடிதம். எனக்கு அந்த மேசைகளின் ஒழுங்கு தெரியும். நானும் ஒரு காலத்தில் அப்படி ஒரு மேசை.

நான் கூனித் தாளின் பிரதியொன்றையும் வெறுமையான போத்தலையும் எடுத்துக்கொண்டு ஸ்கீவக்குப் போனேன். அத்தானுக்கு முன்னால் உட்கார்ந்து, கையுறையைப் பார்க்கச் சொன்னது பிழை என்றேன். அவர் தாளை விரித்துப் பார்த்துக்கொண்டே, "நீ படிச்சனீ. படிச்சவனுக்குச் சந்தேகப்படத்தானே சம்பளம்" என்றார். பிறகு மூடியில் இருந்த ஒட்டுத்தாளைக் காட்டி, அது என்ன திகதி என்று கேட்டார். ஆய்வுக்கூடத்தில் மாதிரி வந்து சேர்ந்த நாளைத்தான் மூடியில் எழுதுவோம், திகதி இல்லாத பொருள் எங்களைப் பொறுத்தவரை வந்து சேரவே இல்லை என்றேன். அது அவருக்குப் பிடித்திருந்தது. "நல்ல சட்டம்" என்றார்.

அந்தத் தாளை மடித்து மேலங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு அவர் வேலைக்குப் போனார். எடை மேடைக்கு வருகிற லொறிச் சாரதிகளுக்கெல்லாம் பாடம் நடந்தது. "இந்த மலை இறால். மரம் எண்டால் இஞ்சை மலை நிக்கோணும். நிக்குதோ? வடிவாப் பார்." கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்தாலும் பழக்கம் போகவில்லை. யாராவது வெறுங்கையோடு போனால் கண்ணாடியில் தட்டி, தன் பத்து விரலையும் விரித்துக் காட்டுவார். ஆனால் காலை வரிசைக்கு மட்டும் போகமாட்டார். மேற்பார்வையாளரே வந்து, "எனக்கு விளங்குகிறது, போய் நில்" என்று சொன்னபோதும் மறுத்துவிட்டார். "கடிதத்தாலை எடுத்தவை. கடிதத்தாலை தரட்டும்."

தந்தார்கள். மறுபரிசோதனையில் அவருடைய உடம்பில் இருந்தது அநேகமாக ஆர்செனோபெட்டைன், மரத்தில் இருந்து வந்ததற்கான அறிகுறி எதுவும் இல்லை என்று இருந்தது. அத்தான் கடிதத்தை எனக்குத் தொலைபேசியில் முழுதாக வாசித்தார், இலக்கங்களையும் விடாமல்.

"இதிலை மன்னிப்பு எந்த வரி, தம்பி?"

"அப்பிடி ஒரு வரி இல்லை, அத்தான். 'முந்திய மதிப்பீடு இனிப் பொருந்தாது' எண்டு கிடக்குதெல்லோ, அதுதான்."

"சரி. கீழை ஒண்டு கிடக்கு. படிவத்திலை இனிமேல் உலர்ந்த இறால், மீன் தூள், அதுகள் கலந்த சரக்கு எல்லாம் கேப்பினமாம்." கடிதத்தை மடிக்கிற சத்தம் கேட்டது. "உன்ரை அக்கான்ரை சம்பல் சட்டத்துக்குள்ளை போட்டுது."

அடுத்த திங்கட்கிழமை அவர் வரிசையின் முன்னால் போய் நின்றார். முன்பு கண்ணாடிக் கூட்டுக்கு வந்து கையைக் காட்டச் சொன்ன இளைஞன்தான் முதலாவது ஆளாக நின்று, கேட்க முன்னரே, கையுறை போட்ட இரண்டு கையையும் நீட்டினானாம். அத்தான் இரண்டையும் திருப்பிப் பார்த்துவிட்டு, தன் கைகளையும் அவனுக்கு நீட்டிக் காட்டினாராம். இதை அவர் சொல்லவில்லை. மேற்பார்வையாளர் சொன்னார், அத்தானின் செத்தவீட்டில், பல வருடங்களுக்குப் பிறகு. மருத்துவர்கள் எழுதிய காரணம் இருதயம். அதில் ஆர்செனிக் இல்லை.

மருத்துவ நிலையத்தின் படிவத்தில் அந்தப் புதிய வரி இப்போதும் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை நான் சரிபார்க்கிறேன். அக்கா அலுமாரியைத் துப்புரவாக்கியபோது போத்தலை எனக்குத் தந்தாள். எங்கள் ஆய்வுக்கூடத்தின் வெள்ளை ஒட்டுத்தாளைச் சுரண்டி எடுத்துவிட்டு, அத்தான் தன் மார்க்கர் பேனையால் அந்த இடத்தில் எழுதியது முடிகிற நாளை அல்ல, வந்து சேர்ந்த நாளை. மருத்துவ நிலையத்தின் திருத்தக் கடிதம் அவர் கைக்குக் கிடைத்தது ஒக்டோபர் பத்தொன்பதாம் திகதி, வியாழக்கிழமை.